டெரியர் என்பது ஒரு வேலையின் பெயர்

பழைய கிராமபோன் இசைத்தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த நாயைத் தெரிந்திருக்கும். பித்தளைக் குழாயின் வாய்க்கு நேரே உட்கார்ந்து, தலையைச் சற்றே சாய்த்து, உள்ளேயிருந்து வரும் குரலுக்குக் காது கொடுக்கும் வெள்ளை நாய். காதில் மட்டும் கருமை. எச்.எம்.வி. முத்திரையில் இருக்கும் அந்த நாயின் பெயர் நிப்பர். 1884இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்து 1895இல் இறந்தது. இறந்த பிறகுதான் பிரான்சிஸ் பரோட் என்ற ஓவியர் அதை வரைந்தார். 1899இல் கிராமபோன் கம்பெனி அந்தப் படத்தை விலைக்கு வாங்கியது. தமிழ் வீடுகளுக்குள் கர்நாடக இசையையும் சினிமாப் பாட்டையும் கொண்டுவந்த தட்டுகளில் சுழன்றது இந்த நாய்தான். அது என்ன இனம் என்று கேட்டால் இன்றுவரை ஒரே பதில் கிடையாது. ஃபாக்ஸ் டெரியர் என்பார் ஒருவர், ஜாக் ரஸ்ஸல் என்பார் இன்னொருவர், புல் டெரியர் ரத்தம் கலந்தது என்பார் மூன்றாமவர். ஆதாரம் போதாததால் இந்தத் தகராறு நீள்கிறது என்று நான் நினைக்கவில்லை. கேள்வியிலேயே பிசகு இருக்கிறது. நிப்பர் பிறந்த காலத்தில் இங்கிலாந்தின் தெருக்களிலும் தொழுவங்களிலும் திரிந்த பெரும்பாலான டெரியர்களுக்கு ‘இனம்’ என்ற ஒன்று ஒட்டவைக்கப்பட்டிருக்கவில்லை. டெரியர் என்றால் ஒரு வேலையைச் செய்யும் நாய்; அவ்வளவுதான். அந்த வேலை பல நூற்றாண்டுப் பழமை உடையது. இன்று நாம் பட்டியலிடும் டெரியர் இனங்களோ 19ஆம் நூற்றாண்டின் நாய்க் கண்காட்சிகள் பெற்றெடுத்தவை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் டெரியர்களின் தோற்றம் பற்றிய புத்தகங்களில் பாதி கட்டுக்கதையாக இருக்கிறது. டெரியரை வாங்கி வளர்ப்பவர்களில் பலர் திகைத்து நிற்பதற்கும் அதுவே காரணம்.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘தெர்ரா’வின் வழியில் வந்தது டெரியர். பிரெஞ்சில் ‘தெர்ரியே’ என்றால் விலங்கு குடியிருக்கும் வளை. ஆக, வளைநாய் என்று தமிழில் சொன்னால் தப்பில்லை. 1486இல் அச்சான செயின்ட் ஆல்பன்ஸ் நூலின் நாய்ப் பட்டியலிலேயே இந்தப் பெயர் வந்துவிடுகிறது. 1570இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர் ஜான் கையஸ் பிரிட்டனின் நாய்களைப் பற்றி லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் டெரியருக்கு அவர் தரும் விளக்கம் முழுக்க அதன் தொழிலைப் பற்றியது: நரியும் பேட்ஜரும் ஒளிந்திருக்கும் வளைக்குள் புகுந்து, அவற்றைக் கடித்துக் குதறியோ மிரட்டியோ வெளியேற்றும் நாய். என்ன நிறம், என்ன உயரம், காது எப்படி மடிந்திருக்கும் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டாகவே படவில்லை. நாய்களை அவர் வகைப்படுத்திய முறையே அப்படி: எதை வேட்டையாடும், எப்படி வேட்டையாடும் என்பதுதான் அளவுகோல்.

அந்த வேலை லேசானதன்று. பேட்ஜர் என்பது நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. மண்ணைத் தோண்டி வாழ்வது. வலுவான தாடையும் நீண்ட நகமும் கொண்டது. குறுகிய வளைக்குள் அதை நேருக்கு நேர் சந்திக்கும் நாய்க்குப் பின்வாங்கத் திரும்பக்கூட இடம் இருக்காது. நரி வேட்டையில் ஹவுண்டு நாய்கள் கூட்டமாகத் துரத்தும். நரி வளைக்குள் பாய்ந்துவிட்டால் அவற்றின் வேலை முடிந்தது. அங்கிருந்து டெரியரின் வேலை தொடங்குகிறது. கொல்வது அதன் கடமையன்று. உள்ளே போய், நரியை ஒரு மூலையில் மடக்கி, விடாமல் குரைக்க வேண்டும். மேலே நிற்கும் ஆட்கள் அந்தக் குரைப்பைக் காதால் தொடர்ந்து, எந்த இடத்தில் மண்வெட்டி போடுவது என்று முடிவு செய்வார்கள். சில சமயம் தொல்லை தாங்காமல் நரியே வெளியே ஓடிவிடும். ஊமை நாய் இந்த வேலைக்கு உதவாது. வெறியில் பாய்ந்து கடித்துக் காயப்பட்டு முடங்கும் நாயும் உதவாது. யஜமானனின் குரல் எட்டாத இருட்டில், என்ன செய்வது என்று தானே முடிவெடுக்கும் நாய்தான் வேண்டும். டெரியர் சொன்ன பேச்சைக் கேட்காது என்று இன்று குறைப்படுகிறோமே, அந்தக் குணம் அக்காலத்தில் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட தகுதி.

உடலும் இந்த வேலைக்கேற்பவே அளக்கப்பட்டது. பிரிட்டனின் வேட்டைக்காரர்கள் இன்றும் ஒரு டெரியரைச் சோதிக்கும் முறை இது: நாயின் பின்பக்கமாக நின்று, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பை இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்து, லேசாகத் தரையிலிருந்து தூக்குவார்கள். கட்டைவிரல்கள் மேலே முதுகிலும் மற்ற விரல்கள் கீழே நெஞ்செலும்பிலும் ஒன்றையொன்று தொட வேண்டும். கைக்குள் அடங்கும் விலா அழுத்தத்துக்கு இசைந்து கொடுக்க வேண்டும். தொட்டால் அந்த நாய் நரி போன வழியில் போகும். தொடாவிட்டால் எவ்வளவு அழகான நாயானாலும் வளையின் வாயில் மாட்டிக்கொள்ளும். இஞ்ச் டேப்பு தேவையில்லாத அளவை இது. வாலையும் கையளவு விட்டுத்தான் நறுக்கினார்கள். வளையிலிருந்து நாயைப் பிடித்து இழுக்க அதுதான் கைப்பிடி. ரோமத்தில் வெள்ளை அதிகம் இருக்கட்டும் என்று பலர் விரும்பியதற்குக் காரணம், மண் சிதறும் பரபரப்பில் நரி எது நாய் எது என்று தெரிய வேண்டும் என்பது. ஸ்காட்லாந்தின் பொல்டலோக் எஸ்டேட்டைச் சேர்ந்த கர்னல் மால்கம், செம்பழுப்பு டெரியர் ஒன்றை நரி என்று நினைத்துச் சுட்டுவிட்டதாகவும், அதற்குப் பிறகே வெள்ளை நாய்களை மட்டும் வளர்க்கத் தொடங்கியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை நிஜமோ இல்லையோ, அதன் தர்க்கம் நிஜம்.

வேலை ஒன்றானாலும் நிலம் ஒன்றன்று. ஸ்காட்லாந்தின் மேற்கு மலைகளில் நரியும் நீர்நாயும் பாறைக் குவியல்களின் இடுக்குகளில் ஒளியும். அங்கே குட்டைக் காலும் முரட்டு ரோமமும் கொண்ட சிறிய நாய் வேண்டும். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்திக்கும் எல்லைக் குன்றுகளில் குதிரையோடு மைல் கணக்கில் ஓடிவந்து, அதன்பின் வளைக்குள் இறங்க வேண்டும். அங்கே கால் நீளமானது. யார்க்ஷயரின் ஏர் நதிக்கரையில் ஆலைத் தொழிலாளர்கள் ஆற்றங்கரை எலிகளையும் நீர்நாயையும் துரத்தினார்கள். ஒட்டர்ஹவுண்டு ரத்தம் கலந்து நாய் பெருத்தது. நார்தம்பர்லாந்தின் சுரங்க ஊரான பெட்லிங்டனில் முயலைப் பிடிக்கும் வேகம் தேவைப்பட்டது. ஜமீன்தாரின் வேட்டைக்காரன், குடியானவன், நெசவாளி, சுரங்கத் தொழிலாளி என்று ஒவ்வொருவரும் தத்தம் தேவைக்கு ஏற்றதைத் தத்தம் ஊர் நாய்களிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள். எந்த நாயோடு எதைச் சேர்க்கலாம் என்பதற்குத் தடை ஏதும் இல்லை. நல்ல வேலைக்காரக் கடுவன் பக்கத்து ஊரில் இருந்தால் பெட்டையைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நகரத்தின் கதை இன்னும் கரடுமுரடானது. காளையோடு மோதவிடப்பட்ட புல்டாகையும் டெரியரையும் இணைத்து ‘புல் அண்ட் டெரியர்’ என்ற கலப்பை உருவாக்கினார்கள். 1835இல் பிரிட்டன் இயற்றிய மிருகவதைச் சட்டம் காளைச் சண்டையையும் நாய்ச் சண்டையையும் தடை செய்தது. எலிகளை அந்தச் சட்டம் கண்டுகொள்ளவில்லை. லண்டன் மதுக்கடைகளின் பின்கட்டில் மரச்சுவர் அடைத்த குழிகளில் எலிகளைக் கொட்டி, நாயை இறக்கி, கையில் கடிகாரத்தோடு பந்தயம் கட்டினார்கள். பில்லி என்ற நாய் 1823இலேயே நூறு எலிகளை ஐந்தரை நிமிடத்தில் கொன்று பெயர் வாங்கியிருந்தது. இந்தக் கூட்டத்திலிருந்துதான் 1860களில் பர்மிங்காமைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹிங்க்ஸ் வெள்ளை வெளேரென்ற புல் டெரியரை வடித்தெடுத்தார். ரத்தக்கறை படிந்த குழியிலிருந்து கனவான்களின் கைக்கயிற்றுக்கு அந்த நாய் வந்து சேர அதிக காலம் ஆகவில்லை.

இங்கேதான் கண்காட்சி நுழைகிறது. முதல் நாய்க் கண்காட்சி 1859இல் நியூகாஸிலில் நடந்தது. அதில் துப்பாக்கி வேட்டை நாய்கள் மட்டுமே பங்கேற்றன. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கப்பட்டது. வம்சாவளிப் பதிவேடு வந்தது. பரிசு கொடுக்க வேண்டுமானால் நாய்களை ஒப்பிட வேண்டும். ஒப்பிட ஒரு பிரிவு வேண்டும். பிரிவுக்கு ஒரு பெயரும் எழுதிவைத்த இலக்கணமும் வேண்டும். மேடையில் வளை இல்லை, நரி இல்லை. நடுவரின் கண்ணுக்குத் தெரிவது ரோமம், காது, நிறம், நடை. ஆகவே இனங்கள் அவற்றின்மேல்தான் கட்டப்பட்டன. ஸ்காட்லாந்தின் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் வெள்ளையை வெஸ்ட் ஹைலண்ட் என்றும் மற்ற நிறத்தைக் கெய்ர்ன் என்றும் பதிந்த காலம் உண்டு. 1917இல் அமெரிக்கக் கென்னல் கிளப் அந்தக் கலப்பைத் தடுத்த பிறகுதான் அங்கே இரண்டும் உண்மையில் இரண்டாயின. நார்விச் டெரியரின் கதை இதைவிட வேடிக்கை. 1964 வரை பிரிட்டனில் அது ஒரே இனம். சில குட்டிகளுக்குக் காது நிமிர்ந்திருக்கும், சிலவற்றுக்கு மடிந்திருக்கும். அந்த ஆண்டு கென்னல் கிளப் நிமிர்ந்த காதுக்கு நார்விச் என்றும் மடிந்த காதுக்கு நார்ஃபோக் என்றும் பெயர் பிரித்தது. ஒரு காதின் மடிப்பு ஓர் இனத்தைப் பிறப்பித்தது. டான்டி டின்மான்டுக்கோ பெயர் வந்தது வால்டர் ஸ்காட் 1815இல் எழுதிய நாவலின் விவசாயிப் பாத்திரத்திலிருந்து. ஏர் நதிக்கரையின் அந்தப் பெரிய நாய் எந்த வளைக்குள்ளும் நுழையாது. ஆனாலும் 1886இல் ஏர்டேல் ‘டெரியர்’ என்றே பதிவேட்டில் ஏறியது.

ஜாக் ரஸ்ஸல் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இதுதான் எல்லாரும் சொல்லும் தோற்றக் கதை. ஜான் ரஸ்ஸல் 1795இல் டெவன் மாவட்டத்தில் பிறந்தவர், பின்னாளில் ஸ்விம்பிரிட்ஜ் ஊரின் பாதிரியார், நரி வேட்டைப் பைத்தியம். ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது ஒரு பால்காரரிடம் இருந்த ‘ட்ரம்ப்’ என்ற வெள்ளைப் பெட்டையைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கிக்கொண்டார். அதன் வம்சமே இன்றைய ஜாக் ரஸ்ஸல் என்பது கதை. ரஸ்ஸல் கென்னல் கிளப்பின் தொடக்ககால உறுப்பினர். கண்காட்சியில் ஃபாக்ஸ் டெரியர்களுக்கு நடுவராகவும் இருந்தார். ஆனால் தன் நாய்களை மட்டும் மேடையேற்றவில்லை. 1883இல் அவர் இறந்தார். அவர் பெயரால் ஓர் இனத்தைப் பிரிட்டிஷ் கென்னல் கிளப் ஏற்றுக்கொண்டது 1990இல். கால் குட்டையான ஜாக் ரஸ்ஸலை ஏற்றது 2016இல். இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் அவர் பெயர் வேட்டைக்காரர்களின் வாயில் ‘வேலை செய்யும் வெள்ளை டெரியர்’ என்பதற்கான பொதுப்பெயராகவே புழங்கியது. ட்ரம்பிலிருந்து இன்றைய குட்டிவரை அறுபடாத வம்சக்கோடு எதுவும் இல்லை. பாதிரியார் விட்டுச்சென்றது, எது நல்ல நாய் என்பதற்கான ஒரு பார்வை.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு மரபணுவியலிலிருந்து வருகிறது. 2017இல் 161 இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு அவற்றை 23 கிளைகளாகப் பிரித்தது. பிரிட்டிஷ் டெரியர்களில் பெரும்பாலானவை ஒரே கிளையில் சேர்ந்து நின்றன. அப்படியானால் டெரியர் என்பது ரத்த உறவு, வெறும் வேலைப்பெயர் இல்லை என்று வாதிடலாம். ரத்த உறவு இருப்பதை நான் மறுக்கவில்லை. ஒரே தீவில், ஒரே வேலைக்காக, தடையில்லாமல் கலந்த நாய்கள் உறவாக இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் அதே ஆய்வில் புல் டெரியர் மாஸ்டிஃப், புல்டாக் பக்கம் போய்ச் சேர்ந்தது. திபெத்தியன் டெரியரோ பெயரளவில்தான் டெரியர். 1920களில் கான்பூரில் பணிபுரிந்த மருத்துவர் ஆக்னஸ் கிரெய்க் ஒரு திபெத்தியக் குடும்பத்திடமிருந்து பெற்ற நாய், பதிவேட்டில் ஏற ஒரு பெயர் வேண்டியிருந்ததால் டெரியர் ஆயிற்று. வளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கிளையைக் காட்டுவது மரபணு. பெயரைக் கொடுத்தது கிளப்.

கண்காட்சி எதைப் பிரித்தது என்பதையும் மரபணுவே காட்டிக்கொடுக்கிறது. நாய்களின் ரோம வகைகளில் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்களின் சேர்க்கை விளக்கிவிடுகிறது என்று 2009இல் ஓர் ஆய்வு கண்டது. டெரியரின் முகத்துக்கே அடையாளமான மீசை, தாடி, புதர்ப் புருவம் எல்லாம் அதில் ஒரே ஒரு மரபணுவின் கைவேலை. குட்டைக்காலும் அப்படியே: ஸ்காட்டிஷ் டெரியரையும் ஜெர்மனியின் பேட்ஜர் நாயான டாக்ஸ்ஹுண்டையும் குட்டையாக்கியது ஒரே மரபணு மாற்றம் என்று அதே ஆண்டு தெரியவந்தது. மேடை கொண்டாடும் வேறுபாடுகள் இவ்வளவு எளிதில் மாற்றக்கூடியவை. நூறு ஆண்டுகளில் இத்தனை ‘இனங்கள்’ முளைத்ததில் வியப்பில்லை.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. 2022இல் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களைக் கேட்டு நடத்திய ஆய்வு, ஒரு நாயின் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம்தான் என்றது. அப்படியென்றால் ‘டெரியர் குணம்’ என்று நான் சொல்வதும் கட்டுக்கதைதானே? ஆய்வைக் கவனமாகப் படித்தால் அது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. நடத்தை பரம்பரையாக வரும் என்பதை அந்த ஆய்வாளர்கள் மறுக்கவில்லை. இன்றைய இனங்கள் தோற்றத்துக்காகப் பிரிக்கப்பட்டவை என்பதால் அந்தப் பெயர்கள் குணத்தைச் சரியாகப் பிடிப்பதில்லை என்கிறார்கள். அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, இனப்பெயரை ஒதுக்கிவிட்டு 4,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபுவழிகளைப் பார்த்தது. அங்கே டெரியர் வழி தனியாகத் தெரிந்தது. ஓடும் சிறு விலங்கைத் துரத்தும் உந்துதல் அதோடு சேர்ந்து வந்தது. இதற்கும் முன்பே, அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் ஐந்து இனக் குட்டிகளை ஒரே சூழலில் வளர்த்து, 1965இல் நூலாக வெளியிட்டார்கள். நரியையோ வளையையோ பார்த்தேயிராத கம்பிமுடி ஃபாக்ஸ் டெரியர் குட்டிகள் ஏழாவது வாரம் வாக்கில் தங்களுக்குள் ஒன்றைக் குறிவைத்து, எல்லாம் சேர்ந்து தாக்கத் தொடங்கின. மூன்றுக்கு மேல் ஒன்றாக விட்டுவைக்க முடியவில்லை. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஹவுண்டு கூட்டமாக உழைத்த நாய். டெரியர் இருட்டில் தனியாக உழைத்த நாய். அந்தக் குட்டிகளின் சண்டையில் அந்தத் தனிமையின் மிச்சம் இருக்கிறது என்பது என் ஊகம். ஊகம் என்றே சொல்கிறேன்.

கண்காட்சி இல்லாவிட்டால் இவற்றில் பல அழிந்தே போயிருக்கும் என்பது மூன்றாவது மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது, ஆனால் அரைகுறை உண்மை. வேல்ஸில் கேப்டன் ஜான் எட்வர்ட்ஸ் பேட்ஜர் வேட்டைக்காக உருவாக்கிய சீலிஹாம் டெரியர் மேடையில் புகழ்பெற்றது, ஹாலிவுட்டுக்குப் போனது, ஹிட்ச்காக் வீட்டில் வளர்ந்தது. ஆனாலும் இன்று ஆண்டுக்கு 300 குட்டிகள்கூடப் பதிவாகாத அருகும் பிரிட்டிஷ் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. நாகரிகத்தின் பேரில் வாழும் நாய் நாகரிகம் மாறும்போது செத்துப்போகும். மூடிய பதிவேட்டுக்கு இன்னொரு விலையும் உண்டு: பெட்லிங்டனின் ஈரலில் தாமிரம் சேரும் பரம்பரை நோய், மற்ற நாய்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஸ்காட்டிஷ் டெரியரைத் தாக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய். எதிர்வழி போனவர்களும் இருக்கிறார்கள். முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியில் சில வேட்டைக்காரர்கள், மேடை ஃபாக்ஸ் டெரியர்களின் போக்குப் பிடிக்காமல், கறுப்பும் பழுப்புமான நாய்களை எடுத்து வேலையை மட்டுமே அளவுகோலாக வைத்து யாக்ட்டெரியரை உருவாக்கினார்கள். அது இன்றும் காட்டில் வேலை செய்கிறது. வரவேற்பறைக்கு அறவே லாயக்கில்லை.

அந்த வேலை நல்லதா என்பது தனிக் கேள்வி. பேட்ஜரைத் தோண்டி வதைப்பதைப் பிரிட்டன் சட்டத்தால் தடுத்துவிட்டது. 2004இன் வேட்டைச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வளைக்குள் நாயை விடுவதையும் ஒரு சிறு விதிவிலக்கோடு நிறுத்தியது. நான் அந்தச் சட்டத்தின் பக்கம். வேலை போய்விட்டது, வேலைக்காகப் பொறுக்கிச் சேர்த்த குணம் போகவில்லை, சட்டம் போட்டுப் போகச் சொல்லவும் முடியாது. தொட்டிச் செடியைத் தோண்டும் நாயும், கேட் மணிக்கு அரை மணி நேரம் குரைக்கும் நாயும் கெட்டுப்போன நாய்களல்ல. குட்டி வாங்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது நிறம், காது, சான்றிதழ். அவற்றோடு இன்னொன்றையும் கேளுங்கள்: தாயும் தகப்பனும் எப்படிப்பட்ட வீட்டில் வளர்கின்றன, நாள் முழுக்க என்ன செய்கின்றன? விற்பவருக்கு இதற்குப் பதில் தெரியாவிட்டால், குட்டியின் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்துவிடுங்கள். பார்த்துவிட்டால் அந்த மீசையும் புருவமும் விடாது.